வானம் கேட்டவளுக்கு ஒரு யானை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரத்தில் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒரு வாரத்தில் நான் எரிந்து விழாத ஆளே கிடையாது. என் வீட்டுக்காரரை விடவில்லை, கடை முதலாளியான சீனத் தவுக்கேயை விடவில்லை, அடுத்த வீட்டுக் கோழிகளைக்கூட விடவில்லை. கடைசியில் சுவரில் இருந்த ஒரு யானையைப் பார்த்தும் கத்தினேன்.

மலாயா சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. மலாக்கா டவுனில், காஜா பெராங்கில், ஒரு தகரக் கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அவருக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி, மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாராம். இறந்தவருடைய அக்காதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிளேபாங்கில் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. நான் வந்த பிறகு அப்பா வீட்டுக்கு இரண்டு தடவை வந்திருந்தாள். இரண்டு தடவையும் கொண்டுவந்த துணிப்பையைத் தரையில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் வைத்த பலகாரத்தைத் தொடவில்லை. என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பதுதான் எனக்கு அவள் வைத்த பெயர்.

கோயிலுக்குப் போனால் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். தாழ்த்தினாலும் காதில் விழும்படிதான் பேசுவார்கள். தாயில்லாப் பிள்ளையை வீட்டில் சேர்க்காத மகராசியாம் நான். சேர்க்க மாட்டேன் என்று நான் யாரிடம் சொன்னேன்? யாராவது வந்து கேட்டார்களா? வாயைக் கட்டிக்கொண்டு விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரியம்மாவின் கணவருக்குச் சிரம்பானுக்கு வேலை மாற்றலானது. பள்ளி லீவு முடிவதற்குள் பிள்ளை எங்கே இருக்கப் போகிறாள் என்று தெரிந்தாக வேண்டும், அங்கே பள்ளிக்கூடத்தில் பெயர் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிரம்பானுக்குப் போய்விட்டால் தீபாவளிக்குத் தீபாவளி வந்து போகும் விருந்தாளி ஆகிவிடுவாள். எனக்கு அது வேண்டாம். ஏன் வேண்டாம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் ஊர் வாயை அடைக்கத்தான் என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. நான் எஸ்டேட்டில் ஆறு பிள்ளைகளோடு லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். இந்த வீட்டில் பகல் முழுக்க என் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அந்த மௌனம் என்னைப் பிடுங்கித் தின்றது.

என் வீட்டுக்காரர் கிளேபாங்குக்குப் போய் மகளிடம் பேசிவிட்டு வந்தார். லீவுக்கு ஒரு வாரம் வருவாள், பிடித்தால் இங்கேயே இருப்பாள் என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது. அப்புறம் சட்டையைக் கழற்றிக்கொண்டே மீதியைச் சொன்னார். டவுனில் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பெரியம்மாவோடு போயிருக்கிறாள். அங்கே மேற்கூரை முழுவதும் கருநீலமாகப் பெயிண்ட் அடித்து நட்சத்திரம் வைத்திருக்கிறார்களாம். அந்த மாதிரி ஒரு அறை இருந்தால் வருகிறேன் என்று சொன்னாளாம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டாராம். அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? அந்த மனிதரிடம் போய் நிலாவைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் ஏணி எங்கே என்று கேட்பார்.

எங்கள் வீட்டில் அறை என்று சொல்லும்படி இருந்தது இரண்டு. ஒன்றில் நாங்கள் படுத்தோம். இன்னொன்று சமையல்கட்டை ஒட்டிச் சாமான் போட்டு வைத்திருந்த அறை. சாமான் என்றால் எல்லாம் அவருடையதுதான். சக்கரம் இல்லாத சைக்கிள், எந்தச் சைக்கிளிலும் சேராத ஒரு சக்கரம், மூடியில்லாத மண்ணெண்ணெய் டின்கள், கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர். எதைத் தொட்டாலும் அது இருக்கட்டும், வேண்டும் என்பார். எதற்கு என்று கேட்டால் மறுபடியும் வேண்டும் என்பார். அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்துப் பாதியைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வந்து அந்தச் சக்கரத்தைத் தேடினார். இங்கேதான் எங்கேயாவது இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்று சொன்னேன். இரண்டு நாள் தேடினார்.

அறையைக் காலி செய்த பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் தகரம். எங்கெங்கே ஒழுகும் என்பதற்கு அடையாளமாக அங்கங்கே துரு. மூன்று பக்கம் பலகை. ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு சேர்ந்த செங்கல் சுவர். தகரத்தில் வானம் வரைய முடியாது. ஆகவே வானம்தான் சுவருக்கு இறங்கி வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நீலப் பெயிண்ட் வாங்கப் போனேன். ஊரே சுதந்திரத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரம். தெருவுக்குத் தெரு அலங்கார வளைவு, கடைக்குக் கடை கொடி. தவுக்கே கையை விரித்தார். நீலம் இல்லை, சிவப்பு இல்லை, மஞ்சளும் இல்லை; பச்சை இருக்கிறது, வேண்டுமா என்றார். பச்சை வானத்தை அவர் எங்கே பார்த்தாரோ. மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் ஒரு சின்ன டின் நீலம் இருந்தது. அவர் சொன்ன விலைக்கு நான் அந்த வீட்டுக்கே ஓடு போட்டிருப்பேன்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போது கையில் இருந்த நீலக் கட்டியைப் பார்த்தேன். வேட்டிக்குப் போடும் நீலம்தான். சுண்ணாம்பைக் கரைத்து அதில் இதைக் கலக்கினால் நீலச் சுவர் வராதா? வந்தது. ஈரத்தில் பார்க்க நடுக்கடல் மாதிரி இருந்தது. நானே என் முதுகைத் தட்டிக்கொள்ளாத குறை. காய்ந்ததும் தண்ணீர் கலந்த பால் மாதிரி வெளுத்துப்போனது. இன்னும் நிறைய நீலம் போட்டு மறுபடி அடித்தேன். திட்டுத் திட்டாக வந்தது. மூன்றாவது தடவை தேங்காய் மட்டையை நசுக்கிப் பிரஷ் செய்து, கோபத்தோடு, மூலை முடுக்கு விடாமல் தேய்த்தேன். அது ஒரு மாதிரி வானம் போல இருந்தது. மழை வரப்போகிற வானம். ஆனால் என் கை இரண்டும் சுண்ணாம்பில் வெந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. உப்பைத் தொட்டால் உயிர் போகும். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார். சொல்லிவிட்டுப் பிறகுதான் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

கட்டிலுக்குப் பால் டின் வரும் மரப்பெட்டிகளை வாங்கி, கவிழ்த்து வரிசையாக வைத்து, மேலே பலகை போட்டேன். திரைக்குக் கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்து, வெளுத்து, நீலத்தில் தோய்த்துத் தைத்தேன். அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து தையல் மெஷின். எத்தனை தடவை வேகவைத்தும் சாக்கில் இருந்த எழுத்து மட்டும் போகவில்லை. ஜன்னலில் திரை ஆடும்போதெல்லாம் மாவு எத்தனை ராத்தல் என்று நன்றாகவே படிக்க முடிந்தது.

மிச்சம் நட்சத்திரம்தான். நானே நாலு வரைந்து பார்த்தேன். நாலும் நண்டாகத்தான் வந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் மலாக்காச் செட்டிகள் குடியிருந்தார்கள். பல தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்கள். அவர்களில் ஒருவர் கடைப்பலகை எழுதுவார், படம் போடுவார். கோயிலில் பார்த்திருக்கிறேன். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். நம் ஆள் என்று நம்பித் தமிழில் பேசினேன். அவர் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அப்புறம் மலாயில் பதில் சொன்னார். அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான். தமிழ் சாமியோடும் சில உறவுமுறைகளோடும் நின்றுபோய்விட்டது. எனக்கோ எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு படிப்பில்லை. பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்கு மலாய் தெரியும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ஆபீசில் நாள் முழுக்க மலாய் பேசுகிறவர். அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் சக்கரம் போன இடம் தெரிந்து அவர் என்னோடு பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். வியாழக்கிழமை காலை அவர் கிணற்றடியில் கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, போனால் போகிறது என்று, நட்சத்திரத்துக்கு மலாயில் என்ன சொல்வார்கள் என்று மட்டும் கேட்டேன். வாய் நிறையக் கரியை வைத்துக்கொண்டு ஏதோ ஒன்று சொன்னார். அதை மறந்துவிடாமல் இருக்க வழி முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

பெயிண்டரிடம் சுவர் என்றேன், நீலம் என்றேன். பினாத்தாங் வேண்டும், பெரிசும் சின்னதுமாக நிறைய வேண்டும் என்றேன். அவர் ஆச்சரியமாக, பினாத்தாங்கா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டார். ஆமாம், சின்னப் பிள்ளைக்கு என்று கையால் உயரம் காட்டினேன். அவர் யோசித்துவிட்டு, காஜா என்று ஏதோ கேட்டார். வீடு எங்கே என்று கேட்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, ஆமாம், ஆமாம், காஜா பெராங் என்று எங்கள் தெருப் பக்கம் கையைக் காட்டினேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சரி என்று தலையாட்டினார். காசு வேண்டாம், அவர் மனைவிக்கு இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தால் போதும் என்று பேசி முடித்தோம். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்றைக்கே வந்துவிட்டார். தெரு வளைவுகளுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டின்களில் அடியில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. வேலை முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவர் வழக்கமாம். அறை வாசலில் ஒரு பழைய துணியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். நான் முன்னால் உட்கார்ந்து ரவிக்கை தைத்தேன். உள்ளே அவர் மலாய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். மெஷினை மிதித்துக்கொண்டே, பிள்ளை வந்து அறையைப் பார்த்ததும் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சாயங்காலம் துணியை அவிழ்த்தார்.

மூலையில் புலி. கிளையில் குரங்கு. கீழே ஆமையும் முதலையும் ஒரு சருகுமானும். நடுவில், கட்டிலுக்கு நேர் மேலே, ஆள் உயரத்துக்கு ஒரு யானை. துதிக்கையைத் தூக்கி, காதை விரித்து, கண் இரண்டும் சிவந்து, யாரையோ மிதிக்க வருகிறது. பெயிண்டர் அதைக் கையால் காட்டி, காஜா பெராங் என்று பெருமையாகச் சொன்னார்.

நான் கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். நட்சத்திரம் எங்கேய்யா என்று விரல் ஐந்தையும் விரித்து மூடி, விரித்து மூடி ஆகாயத்தைக் காட்டினேன். அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. முகம் சுருங்கிப்போய்விட்டது. பிந்தாங், பிந்தாங் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் வந்து மாற்றித் தருகிறேன், இப்போது வளைவு வேலை கழுத்தை நெரிக்கிறது என்று சைகையாலேயே சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார்? நான் கேட்டதைத்தான் அவர் வரைந்தார். அதுவும் எவ்வளவு நன்றாக வரைந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். ரவிக்கைகளைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிந்தாங் என்றால் நட்சத்திரம், பினாத்தாங் என்றால் மிருகமாம். நடுவில் ஒரு எழுத்து கூடிவிட்டால் வானத்திலிருந்து காட்டுக்கு வந்துவிடலாமாம். போகட்டும், அந்த யானை ஏன் வந்தது என்று கேட்டேன். "ஊர் பேரே அதுதானலா. காஜான்னா யானை, பெராங்னா ஆத்திரம். ஒரு வருஷமா இங்கதான இருக்க, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. கஜமுகனை நாள் தவறாமல் கும்பிடுகிறவள்தான் நான். கஜம் என்றால் யானை என்று தெரியும்தான். ஆனால் குடியிருக்கிற ஊரின் பெயருக்கு அர்த்தம் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வாயில் கரியை வைத்துக்கொண்டு பாடம் சொன்னது யார் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. அன்றைக்குச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பிள்ளை சனிக்கிழமைதான் வருகிறாள். நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது. காலையிலேயே சுண்ணாம்பைக் கரைத்து யானையை மூடிவிட வேண்டியது என்று திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை நான் சுண்ணாம்பு வாளியோடு நிற்கும்போது வாசலில் பெரியம்மாவும் பிள்ளையும் வந்து நிற்கிறார்கள். சனிக்கிழமை பஸ்ஸெல்லாம் கூட்டமாக இருக்கும் என்று ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்களாம்.

பெரியம்மா அறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். "நட்சத்திரம்னு சொன்னாங்களே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். இருந்தால் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை, அழைத்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார். பிள்ளை துணிப்பையை வாசலிலேயே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. அவளிடமே கொட்டினேன். ஆமாம், நட்சத்திரம் இல்லை, நான் நட்சத்திரம்தான் சொன்னேன், சொன்ன மலாய் தப்பு, இப்போது என்ன செய்யச் சொல்கிறாய் என்றேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"பினாத்தாங்."

கிளேபாங்கில் மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் அவள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்த யானை எப்படி வந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பையிலிருந்து தரைக்குச் சரிந்து உருண்டு உருண்டு சிரித்தாள். சிரித்து முடித்து எழுந்து போய் யானையின் முகத்துக்கு நேரே நின்று பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது உங்கள மாதிரியே இருக்கு" என்றாள். அந்த வீட்டில் அவள் தானாக என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை.

சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மிருகங்கள் இருக்கட்டும், நடுவில் நட்சத்திரம் ஒட்டலாம் என்றாள். என்ன காகிதத்தில் என்று நான் புலம்பினேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீசிலும் காப்பிக் கடையிலும் கேட்டு வாங்கி, சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சட்டைப்பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். அந்த வாரத்தில் அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதோடு விட்டாரா? புதுக் கொடியில் இருக்கிற நட்சத்திரத்துக்குப் பதினோரு முனை. ஆகவே நம் நட்சத்திரத்துக்கும் பதினோரு முனைதான் என்று பிடிவாதம். தாளை எட்டாக மடித்தார், பன்னிரண்டாக மடித்தார், பதினொன்று வரவே இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு நட்சத்திரம் வெட்டினார். எண்ணிப் பார்த்தால் பத்து முனை. நான் ஐந்து முனையில் இருபது வெட்டிவிட்டிருந்தேன். பிள்ளை அவருடையதையும் எடுத்து, யானையின் தந்த நுனியில் ஒட்டினாள்.

நாலைந்து நாள் இப்படிப் போனது. காலையில் பசை காய்ச்சுவது, வெட்டுவது, ஒட்டுவது. புலிக்கு எத்தனை, ஆமைக்கு எத்தனை என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் இடம் மாற்றி ஒட்டினால் பிய்த்துவிடுவாள். எனக்குச் சுர்ரென்று வரும். நான் கத்துவேன், அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். என் கத்தலுக்கு அந்த வீட்டில் பயப்படாத ஆள் அவள் ஒருத்திதான்.

புதன்கிழமை என்று நினைக்கிறேன். தரையில் எதிரெதிரே உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தோம். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நான் முடியாதுன்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

"என்ன முடியாது?"

"நட்சத்திர ரூம். யாராலயும் செய்ய முடியாது. அப்ப நான் இங்க வர வேணாம்ல."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வர விருப்பமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்படிச் சுண்ணாம்பில் கிடந்து வெந்திருக்க மாட்டேனே. இந்தப் பொடிசு போட்ட புதிரை அவள் அப்பாவும் புரிந்துகொள்ளவில்லை, நானும் புரிந்துகொள்ளவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினேன். எதைச் சொல்லித் திட்டலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் இப்படி வெடித்திருக்கிறது என்று கேட்டாள். சுண்ணாம்பு என்றேன். வலிக்கிறதா என்றாள். வலிக்கிறது என்றேன். இல்லை என்று பொய் சொல்கிற அளவுக்கு எனக்கு அன்று பெருந்தன்மை இல்லை. கையில் இருந்த நட்சத்திரத்தை வெட்டி முடித்தாள். அப்புறம் பசைக் கிண்ணத்தை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, இனிமேல் நான் பசையைத் தொட வேண்டாம், எரியும் என்றாள்.

சனிக்கிழமை இருட்டுவதற்குள் எல்லாம் ஒட்டி முடிந்துவிட்டது. புலிக்குப் பின்னால், குரங்குக்கு மேலே, சுவர் முழுக்க வெள்ளித்தாள் மின்னியது. அவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பசை காய்ந்த இடமெல்லாம் கறை. ஆனால் நட்சத்திர அறை கேட்டாள், நட்சத்திர அறை ஆகிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்ன ஒரு வாரமும் முடிந்துவிட்டது. நாளைக்குப் பெரியம்மா வருகிறார். இருக்கிறாயா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கேளுங்கள் என்று அவரைப் பிடித்துத் தள்ளினேன். பார்க்கலாம் என்றார். அவரிடம் சொன்னதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறையைப் பெருக்கப் போனேன். யானைக்கு மேலே இருந்த இரண்டு வரிசை நட்சத்திரத்தைக் காணோம். பசை சரியில்லாமல் உதிர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் தேடினேன். தரையில் ஒன்றுகூட இல்லை. எலியா, கரப்பானா என்று கத்திக்கொண்டே கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்தேன். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குப் பெரியம்மா வந்தார். கையில் ஒரு காலிப் பை, பிள்ளையின் துணியை எடுத்துப்போக. கிளம்பலாமா என்று கேட்டார். பிள்ளை மடியிலிருந்து சின்னக் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். எல்லாம் வெள்ளித்தாள் நட்சத்திரங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூலால் கட்டியிருந்தது.

"இன்னும் முடியல பெரியம்மா. எல்லாம் ஒட்டி முடிச்சதும் வரேன்."

பெரியம்மா அந்தக் கட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நட்சத்திரங்களின் பின்பக்கத்தில் பசை காய்ந்து உரிந்திருந்தது. சுவரின் நீலமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. எனக்கும் அப்போதுதான் விளங்கியது: உதிரவில்லை, இவள்தான் பிய்த்து வைத்திருக்கிறாள். எவ்வளவு நாள் ஆகும் என்று பெரியம்மா கேட்டார். தெரியவில்லை, நிறைய இருக்கிறது என்றாள் பிள்ளை. பெரியம்மா கட்டைத் திருப்பி அவள் கையிலேயே வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

பஸ் நிற்கிற இடம் வரை நான் கூடப் போனேன். அந்த அம்மாவிடம் சொல்ல ஒரு வருஷமாக மனசுக்குள் எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். இப்போது சொல்லலாம், நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. ஆறு வருஷம் வளர்த்த பிள்ளையை விட்டுவிட்டு, காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்பிள்ளைதான் என் கண்ணுக்குத் தெரிந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பள்ளிக்கூடம் போகப் பிடிக்கலன்னா வயிறு வலிக்குதுன்னு சொல்லுவா. நம்பாத. ஆனா பத்துல ஒரு தடவ நெசமாவே வலிக்கும். அப்ப உள்ளங்காலு சில்லுன்னு ஆயிரும். தொட்டுப் பாரு."

"சரிக்கா."

"வாயால கேக்காத, சொல்ல மாட்டா. உள்ளங்காலத் தொட்டுப் பாரு."

பஸ் ஏறிவிட்டார். நான் நின்ற பக்கத்து ஜன்னலில் இடம் இருந்தும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

நான் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை பால் பெட்டி ஒன்றை நிறுத்தி வைத்து, அதன்மேல் ஏறி, நுனிக்காலில் எக்கி, பிய்த்த நட்சத்திரத்தில் ஒன்றே ஒன்றை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி ஆடியது. விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறாயா, யாரைக் கேட்டு ஏறினாய் என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடிக்காமல் அவள் காலைப் பிடித்தேன். தூக்கியிருந்த குதிகாலுக்கு அடியில் கையைக் கொடுத்து, உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

"கூசுது, விடுங்க" என்றாள்.

"ஆடாம ஒட்டு" என்றேன். நான் விடவில்லை.